உள்ளே இருந்தால் போதாது, வெளியே தெரிய வேண்டும்

பைத்தான் நிரல்மொழிக்கான ஊடாடு கருவியான ஐபைத்தானின் 6.0 பதிப்பு 2017 ஏப்ரலில் வெளியானது. அது பைத்தான் 3-இல் மட்டுமே ஓடும். அப்போது உலகெங்கும் ஏராளமான கணினிகளில் பைத்தான் 2.7-தான் இருந்தது. நிரல் தொகுப்புகளான பேக்கேஜ்களை இணையக் களஞ்சியத்திலிருந்து நிறுவித் தரும் ‘பிப்’ கருவியோ, அங்கே எது புதியதோ அதையே எடுத்து வரும் வழக்கம் கொண்டது. அப்படியே விட்டிருந்தால், முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய வேலை திடீரென்று நின்றுபோயிருக்கும்.

பிப்பைப் புதுப்பித்து வைத்திருந்தவர்களை ஒரே ஒரு வரி காப்பாற்றியது. ‘ரிக்வயர்ஸ்-பைத்தான்’ என்ற அந்த வரி, எந்தப் பைத்தான் பதிப்பு தேவை என்பதைச் சொல்கிறது. அதைப் படித்த பிப், 2.7 உள்ள கணினிகளுக்குப் பழைய 5-ஆம் வரிசையையே நிறுவியது.

இப்படி ஒரு வரி எழுதலாம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே விதி இருந்தது. ஆனால் அது பேக்கேஜுக்குள் முடங்கிக் கிடந்ததால் யாருக்கும் பயன்படவில்லை. அதைக் களஞ்சியத்தின் கோப்புப் பட்டியலிலேயே காட்டலாம் என்று 2016-இல் விதி திருத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பிப் 9 அதைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் அந்த வரிக்கு உயிர் வந்தது.

வேறு பல விவரங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. பைத்தான் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ‘வீல்’ கோப்பாக வருகின்றன. அது வெறும் ஜிப் கோப்புதான். பிரித்துப் பார்த்தால் ‘மெட்டாடேட்டா’ என்றொரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். பெயர், பதிப்பு, உரிமம், தேவைப்படும் பிற பேக்கேஜ்கள் எல்லாம் அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். சில கிலோபைட் அளவுள்ள இந்தக் கோப்பைப் படிப்பதற்காக, சில சமயம் நூற்றுக்கணக்கான மெகாபைட் கொண்ட வீலை முன்பு முழுவதும் இறக்க வேண்டியிருந்தது. பொதுக் களஞ்சியமான பைபிஐ 2023 முதல் மெட்டாடேட்டா கோப்பைத் தனியாகவும் வழங்குகிறது. எந்தப் பதிப்பு எதனோடு பொருந்தும் என்று தேடும் நேரமும் இணையச் செலவும் இதனால் குறைந்தன.

விவரம் வெளியே தெரிந்தால் மட்டும் போதாது, துல்லியமாகவும் இருக்க வேண்டும். உரிமம் ‘பிஎஸ்டி’ என்று மட்டும் எழுதினால், இரண்டு நிபந்தனை கொண்டதா மூன்று கொண்டதா என்று கருவிகளுக்குத் தெரியாது. ‘பிஎஸ்டி-3-கிளாஸ்’ என்று உலகப் பொதுக் குறியீட்டில் எழுத இப்போது விதி இருக்கிறது. ஒரு நிறுவனம் தான் பயன்படுத்தும் ஆயிரம் பேக்கேஜ்களின் உரிமங்களைச் சரிபார்க்க அந்தக் குறியீடு இன்றியமையாதது.

உண்மையாகவும் இருக்க வேண்டும். புகழ்பெற்ற திட்டமொன்றின் மூலநிரல் முகவரியைத் தன் பேக்கேஜில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதனால்தான் பைபிஐ பக்கங்கள் சரிபார்க்கப்பட்ட விவரங்களையும் சரிபார்க்கப்படாதவற்றையும் தனித்தனியே காட்டுகின்றன. நிறுவும் முன் அந்தப் பிரிவைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

களஞ்சியம் எத்தனை வசதி செய்தாலும், வரிகளை நிரப்ப வேண்டியவர் நிரலாளர்தான். தமிழுக்கான பேக்கேஜ் என்று குறிக்கவும் பைபிஐயில் தனி வகைப்பாடு உண்டு. அதை விட்டுவிட்டால், வகைப்பாட்டைக் கொண்டு தேடும் மாணவர் கண்ணில் நல்ல கருவி படாமலே போகும். நிரலுக்குச் சோதனை எழுதும் அதே அக்கறையோடு இந்த வரிகளையும் எழுதுங்கள். முகம் தெரியாத பயனர் உங்கள் உழைப்பை நம்பி எடுத்துக்கொள்ள அவையே ஆதாரம்.