பிரெஞ்சு அரசியலில் தீவிர வலதுசாரி இயக்கங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

'வலதுசாரி' என்னும் சொல்லை நாம் இன்று நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் இயல்பாகக் கையாளுகிறோம். அக்கருத்தின் பிறப்பிடம் பிரான்சு. 1789ஆம் ஆண்டுத் தேசிய மன்றத்தில், அரசருக்குத் தடையதிகாரம் வேண்டும் என்றோர் அவைத்தலைவரின் வலப்புறத்திலும் அதனை எதிர்த்தோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர். இருக்கையைச் சுட்டிய சொல் பின்னர்க் கொள்கையைச் சுட்டலாயிற்று. எனினும், மரபைப் போற்றுவோர் அனைவரும் தீவிர வலதுசாரியினர் அல்லர். நாட்டுக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு அளிக்கும் விடையே அவ்வியக்கங்களை இனங்காட்டுகிறது. இதனைப் பிரெஞ்சு வரலாற்றின்வழி ஈண்டுக் காண்போம்.

குடியரசை எதிர்த்த காலம்

1871இல் அல்சாஸ் பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்த பிரான்சில் பழிவாங்கும் உணர்வு மேலோங்கியது. முன்னாள் போர் அமைச்சரான தளபதி பூலான்ஜே அவ்வுணர்வைத் தமக்குச் சார்பாகத் திரட்டினார். 1889 ஜனவரியில் பாரிஸ் தேர்தலில் வென்ற அவர், சில மாதங்களிலேயே பெல்ஜியத்துக்குத் தப்பிச் சென்றார்.

இதனினும் ஆழமான பிளவை டிரைபஸ் வழக்கு உண்டாக்கியது. யூதரான அப்படை அலுவலர், தாம் செய்யாத உளவுக் குற்றத்திற்காக 1894இல் தண்டிக்கப்பட்டார். 1906இல்தான் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இவ்வழக்கின் கொந்தளிப்பிடையே 1899இல் 'அக்சியோன் பிரான்சேஸ்' இயக்கம் தோன்றியது. அதன் முதன்மைச் சிந்தனையாளரான சார்ல் மொராஸ், சட்டத்தால் அமைந்த நாடு வேறு, மெய்யான நாடு வேறு எனப் பகுத்தார். யூதர், புரோட்டஸ்டண்டு கிறித்தவர், பிரீமேசன் சங்கத்தார், அயல்வழியினர் ஆகிய நால்வகையினரும் மெய்யான நாட்டிற்குப் புறம்பானவர் என்பது அவர்தம் கருத்து. ஒருவர் குடியுரிமை பெற்றிருப்பினும் நாட்டினர் ஆகார் என்பதே இதன் உட்பொருள்.

கருத்து ஆட்சியான காலம்

1940இல் ஜெர்மனியிடம் பிரான்சு தோற்றது. அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள், விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம் 569 வாக்குகளால் பெத்தானுக்கு முழு அதிகாரம் வழங்கியது. எதிர்த்தோர் 80 பேரே. 'விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு' என்னும் முழக்கம் நீங்கி, 'உழைப்பு, குடும்பம், தாயகம்' என்பது அவ்விடத்தைப் பெற்றது. அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம் யூதரை அரசுப் பணி, படைத்தலைமை, இதழியல், ஆசிரியப் பணி ஆகியவற்றிலிருந்து விலக்கியது. இச்சட்டம் ஜெர்மானியரின் ஆணையால் பிறந்ததன்று என்பது குறிப்பிடத்தக்கது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 76,000 யூதர் பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்டனர். மீண்டோர் மிகச் சிலரே. மொராஸின் பகுப்பு, நாற்பதாண்டு இடைவெளியில் பள்ளி ஆசிரியரின் வேலையையும் பின்னர் உயிரையும் பறிக்கும் சட்டச் சூழலுக்கு வழிகோலியது எனலாம்.

வாக்குப்பெட்டியை நாடிய காலம்

போருக்குப் பின் இவ்வியக்கங்கள் மதிப்பிழந்தனவேயன்றி மறைந்துவிடவில்லை. வரி எதிர்ப்பின்வழிச் சிறு வணிகரைத் திரட்டிய பியேர் புஜாடின் அணி, 1956 தேர்தலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. அவ்வணியில் உறுப்பினரானவருள் ழான் மரி லெ பென் ஒருவர். 1972இல் உருவான தேசிய முன்னணிக்கு அவரே தலைவரானார். 2002 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றை எட்டிய அவர், அதில் 18 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளே பெற்றார். 2011இல் தலைமையேற்ற அவர் மகள் மரீன் லெ பென், 2015இல் தந்தையைக் கட்சியிலிருந்து விலக்கி, 2018இல் கட்சியின் பெயரையும் மாற்றினார். 2022இல் அவர் பெற்ற வாக்கு 41 விழுக்காட்டைக் கடந்தது.

முடிவுரை

குடியரசை வீழ்த்த முனைந்த மரபு இன்று குடியரசு, சமயச்சார்பின்மை ஆகிய சொற்களையே தனதாக்கிக்கொண்டு தேர்தலை நாடுகிறது. யூத வெறுப்பு வெளிப்படையாகக் கைவிடப்பட்டு, குடியேறியோரும் இசுலாமியரும் விவாதப் பொருளாகியுள்ளனர். வழிமுறையும் இலக்கும் மாறியுள்ளமையால், முன்னோரையும் இன்றையோரையும் ஒன்றெனக் கூறுவது ஆய்வு நெறியாகாது. ஆயினும், சட்டம் ஏற்கும் குடிமகனுக்கும் 'மெய்யான' நாட்டினருக்கும் இடையே கோடிடும் சிந்தனை தொடர்ந்து வந்துள்ளது. ஆதலின், 'தீவிர வலதுசாரி' என்னும் தொடரை மாணவர்க்கு விளக்குங்கால், இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரினும், அது யாரை நாட்டுக்குப் புறம்பாக நிறுத்துகிறது என்பதையே நாம் முதற்கண் வினவுதல் வேண்டும்.