உங்களுக்குத் தெரியுமா? அம்பு விழும் தூரம்

பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, மகனைச் செடி மறைவில் கிடத்திவிட்டு ஆகார் எவ்வளவு தூரம் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்? பைபிளின் ஆதியாகமம் அடிக்கணக்குச் சொல்வதில்லை. அம்பு பாயும் தூரம் என்கிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மனம் தாங்காத தாய் அவள். முகம் தெரியாது, ஆனால் விட்டுப் போய்விட்ட தூரமும் அல்ல. இதைவிடப் பொருத்தமான அளவு அந்த இடத்துக்குக் கிடைத்திருக்காது.

செங்கிஸ்கானின் தம்பி மகன் யிசுங்கே எய்த அம்பு 335 பாகம் போனது. (கைகளை விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம்.) அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதல்! சுமார் 1225இல் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். மங்கோலிய எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றான அந்தக் கல், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தூரத்துக்காகவே அம்பு விட்டவர்கள் துருக்கியர்கள். 1453இல் இஸ்தான்புல்லைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத், அங்கே வில்லாளிகளுக்கென்றே ஒக்மெய்தானி மைதானத்தை ஒதுக்கினார். வில்லாளி நின்ற இடத்தில் ஒரு கல், சாதனை அம்பு விழுந்த இடத்தில் இன்னொரு கல். அளவு 'கெஸ்', ஒரு கெஸ் சுமார் 66 செ.மீ. சாட்சிகள் முன்னிலையில் 900 கெஸ், அதாவது கிட்டத்தட்ட 600 மீட்டர், எய்து காட்டியவருக்கே வில்லாளி என்ற தகுதி. தோஸ்கோபரான் இஸ்கெந்தர் பெயரிலுள்ள சாதனை 1281½ கெஸ்: சுமார் 846 மீட்டர்! அந்தக் கற்களில் சில இன்றும் நகரத்து வீடுகளுக்கிடையே நிற்கின்றன. ஒன்றுகூட இனி அழியக் கூடாது.

இவ்வளவு தூரம் எப்படி? துருக்கிய வில்லில் மரத்தின் உட்பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் தசைநார், இரண்டையும் பிடித்து நிறுத்தும் பசை. நாணை இழுத்தால் கொம்பு அமுங்கும், நார் விரியும். விட்டதும் இரண்டும் சேர்ந்து உந்தும். கையிலோ எடை குறைந்த, குட்டையான அம்பு.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் 1541ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 வயதானவர்கள் தொலைதூர அம்புகளை 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கில் எய்யக் கூடாது. சரியாக ஒரு ஃபர்லாங். 1790களில் லண்டன் வந்த துருக்கித் தூதரகச் செயலர் மஹ்மூத் எஃபெந்தி, அங்கிருந்த வில்லாளிகள் கண்முன்னே எய்த தூரம் 482 கஜம்.