கைகால் சரியான பின்னும் மருந்து எதற்கு?

உங்கள் இல்லத்தில் முப்பது வயதைத் தொடாத ஒரு மகளுக்குத் திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது; கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரங்களில் தானாகவே தெளிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு இடது கால் மரத்துப்போகிறது. அதுவும் மெல்லச் சரியாகிறது. முதலாவதற்குக் கண்ணாடிக் கடைக்கும், இரண்டாவதற்குச் சத்து மாத்திரைக்கும் போயிருப்போம். இரண்டும் ஒரே நோயின் இரு தாக்குதல்களாக இருக்கக்கூடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

அந்நோயின் பெயர் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தண்டுவட மறைப்பு நோய் என்று தமிழில் எழுதுவதுண்டு. மின்கம்பியின்மேல் உறை இருப்பதுபோல நரம்பிழைகளின்மேல் மையலின் என்னும் கொழுப்புறை உள்ளது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் அவ்வுறையை அழிக்கிறது. பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்கோ 1868இல் இதைத் தனியொரு நோயாக விவரித்தார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகமாகத் தொடங்குகிறது.

நோயாளிகளில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு இது தாக்குவதும் தணிவதுமாகவே ஆரம்பிக்கிறது. காய்ச்சலோ வேறு தொற்றோ இல்லாமல், புதிய குறையொன்று 24 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் அதை மறுதாக்குதல் என்பர். மே மாத டெல்லி வெயிலிலோ, தகரக் கூரை அறையிலோ பழைய தளர்ச்சி தலைகாட்டி, உடல் குளிர்ந்ததும் மறைந்தால் அது புதிய தாக்குதலன்று. பழைய தழும்பின்வழியே செய்தி செல்லத் தடுமாறுகிறது, அவ்வளவே. சிறுநீர்த் தொற்றும் இப்படி ஏமாற்றும். ஆதலால் ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடுமுன் சிறுநீரைப் பரிசோதிப்பது நல்லது.

மெய்யான மறுதாக்குதலுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாள் நரம்புவழி ஏற்றுவர். அது குணத்தை விரைவுபடுத்தும். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை அறியாமல், "ஊசி போட்டாயிற்று, எழுந்து நடக்கிறாள்" என்று பல குடும்பங்கள் மருத்துவரை விட்டுவிடுகின்றன. நம் சபைகளில் இன்னொன்றும் நடக்கிறது. கால் திரும்பியதும் மகிழ்ச்சியோடு சாட்சி சொல்லுகிறோம். சொன்னபின் மாத்திரையைத் தொடுவதே அவிசுவாசம் என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். நன்றி செலுத்துவதற்கும் மருந்து உட்கொள்ளுவதற்கும் என்ன பகை? தாக்குதல் தணிவது இந்நோயின் இயல்பு. அமைதியான அம்மாதங்களிலும் உள்ளே சேதம் நிகழக்கூடும். சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் முன்னிலும் கடுமையான தாக்குதல் வருவதுண்டு.

புகழ்பெற்ற ஆங்கிலேய செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் விரல்களில் 1970களின் தொடக்கத்தில் உணர்வு குன்றியது. 1973இல் எம்.எஸ். என்று உறுதியானபோது அவருக்கு வயது 28. மறுதாக்குதல்களைக் குறைக்கும் மருந்து எதுவும் அன்று இல்லை. 1987இல் தமது 42ஆம் வயதில் மறைந்தார். அவ்வகை மருந்துகளில் முதலாவதான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது 1993இல்தான். இன்று ஊசியாகவும் மாத்திரையாகவும் பல மருந்துகள் உள்ளன. விலை அதிகம் என்பது மெய்யே. ரிட்டுக்சிமாப் இந்தியத் தயாரிப்பாகவே கிடைப்பதால் நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பலர் அதைப் பயன்படுத்துகின்றனர். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நோயும் இதைப்போலவே தோன்றும், எம்.எஸ். மருந்துகளில் சில அதை மோசமாக்கிவிடும். எம்.ஆர்.ஐ.யுடன் அதற்குரிய இரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறையும். குழந்தை பிறந்தபின் வரும் மூன்று மாதங்களில் கூடும். அந்நாட்களில் நீங்கள் ஊரில் இருப்பீர்கள், உங்கள் மருத்துவரோ மும்பையிலோ பெங்களூரிலோ இருப்பார். எம்.ஆர்.ஐ. படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். கர்ப்பகாலத்தில் ஆகாத மருந்துகளும் உண்டு, கருத்தரிக்குமுன்பே பேசிவிடுங்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, மறுதாக்குதல் இல்லாமலே நடை தளரும் நிலை சிலருக்கு வரும். மருத்துவர்கள் இயலாமையை 0 முதல் 10 வரை அளக்கின்றனர். நூறு மீட்டர் நடக்க ஒரு கைத்தடி தேவைப்பட்டால் அது 6. கைத்தடி கண்ணுக்குத் தெரிகிறது. அசதியும், சிறுநீரை அடக்க முடியாமையும், மறதியும் தெரிவதில்லை. "நன்றாகத்தானே இருக்கிறாள், சமையல் செய்ய மட்டும் சோம்பலா?" என்று மாமியார் கேட்பது அந்த அசதியைப் பற்றித்தான். கனமான வேலையைக் குளிர்ந்த காலைப்பொழுதில் வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர்க் குடத்தை மாடியேற்ற வேறொருவர் செல்லட்டும். ஆராதனையில் அனைவரும் எழுந்து நிற்கையில் அவள் விசிறிக்கடியில், வாசலருகே அமர்ந்திருக்கட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் எம்.எஸ். ஒன்று. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று பெற்றால் சட்டம் அத்தகையோருக்குத் தரும் உரிமைகளைக் கோரலாம். யு.டி.ஐ.டி. அட்டை நாடெங்கும் செல்லும். ஆகவே பிறமாநிலத்தில் வாழும் நம்மவருக்கும் அது பயன்படும். மும்பையில் 1985இல் தொடங்கப்பட்ட மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா பல நகரங்களில் கிளைகளோடு நோயாளிகளுக்கு உதவுகிறது. மும்பை மின்ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப்பெட்டி உண்டு. கைகால் நன்றாகத் தெரியும் இளம்பெண் அதில் ஏறினால் மற்றவர்கள் முறைப்பார்கள். அட்டையைக் கைப்பைக்குள் தேடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.