மஜூஸிகளின் மரக்கலங்கள்

ஹிஜ்ரி 230இல் ‘மஜூஸ்’ கடல்வழியே வந்து இஷ்பீலிய்யாவைச் சூறையாடினர் என்று அந்தலுஸ் வரலாற்றில் படிக்கும் மாணவர் திகைப்பதுண்டு. பாரசீக நெருப்பு வணங்கிகளுக்கு மேற்குக் கடலில் என்ன வேலை? இங்கே அச்சொல் குறிப்பது வடபுலத்து நார்ஸ் மக்களை. வைக்கிங்குகள் என உலகம் அறிந்தோரை. வரலாற்றாசிரியர் யஅகூபி அவர்களை ‘ரூஸ்’ என்றும் குறிக்கிறார்.

கி.பி. 844இல் லிஸ்பன் ஆளுநர் அமீருக்கு எழுதியனுப்பிய கணக்கு 54 பெருங்கலங்கள், 54 சிறு படகுகள். கடலினின்று வெகுதூரம் உள்ளே, வாதில் கபீர் ஆற்றங்கரையில் அமைந்த இஷ்பீலிய்யாவை அவை எட்டியது எவ்வாறு? இதனைக் கொடூரத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது சரியன்று. விடை கலத்தின் அமைப்பில் உள்ளது.

நார்வேயின் கோக்ஸ்டாட் எனுமிடத்தில் 1880இல் ஒரு புதைமேட்டினின்று வெளிப்பட்ட கலம் ஏறத்தாழ 890இல் கட்டப்பட்டது. நீளம் 23 மீட்டர், அகலம் 5 மீட்டர். ஓக் பலகைகள் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் படியுமாறு இரும்பு ஆணிகளால் இறுக்கப்பட்டுள்ளன. (அக்காலத்து இந்துமாக்கடல் அரபுக் கலங்களோ கயிற்றால் தைக்கப்பட்டவை.) நடுவே ஒரே பாய்மரம், அதில் ஒரே சதுரப்பாய். பக்கத்துக்கு 16 துடுப்புகள். சுக்கான் -இச்சொல்லே அரபு நமக்குத் தந்தது- பின்புறத்தில் அன்றி வலப்பக்கத்தில். 820 அளவில் கட்டப்பட்ட ஓஸ்பர்க் கலமும் துடுப்பும் பாயும் சேர்ந்ததே.

நம்மை வியக்கவைப்பது கோக்ஸ்டாட் கலத்தின் ஒரு சிறு பொருள்: துடுப்புத் துளைகளுக்கான சுழல் மூடிகள். பாய் விரித்தோடுகையில் துடுப்புகளை உள்ளிழுத்து, அலைநீர் புகாதவாறு துளைகளை அடைத்துவிடலாம். ஆழ்கடலில் காற்று சுமக்கும். ஆற்றில் நுழைந்ததும் மூடிகள் திறக்கும். காற்றில்லாவிடினும், ஓட்டம் எதிர்த்தாலும் கைகள் வலிக்கும். கலம் நீரில் அமிழ்வதோ ஒரு மீட்டர் அளவே. ஆகவே துறைமுகம் தேவையில்லை. கரை எங்கேயோ அங்கே இறங்கலாம். மதிலற்ற நகருக்கு இதனினும் பெரிய ஆபத்து வேறில்லை.

தல்யாத்தாவில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். எனினும் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவ்வெற்றியில் நிறைவடையவில்லை. இஷ்பீலிய்யாவில் கப்பல் கட்டும் தாருஸ் ஸினாஆவை நிறுவி, மாலுமிகளுக்கு ஊதியம் வகுத்து, கலங்களில் நெருப்பு எறியும் நஃப்த்தையும் ஏற்றினார். ஹிஜ்ரி 245இல் அவர்கள் மீண்டும் வந்தபோது அல்ஜஸீராவின் பள்ளிவாசல் தீக்கிரையாயிற்று. ஆயினும் அந்தலுஸின் காவற்கலங்கள் அவர்களைக் கடலிலேயே எதிர்கொண்டன. ஆற்றில் ஏறி இஷ்பீலிய்யாவை எட்ட அவர்களால் இயலவில்லை.