வேலையின்மைக் கணக்கில் பெண்கள் எங்கே?

இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களின் வேலையின்மை விகிதம் 3.2 விழுக்காடு. பெண்களுக்கும் அதே 3.2 விழுக்காடுதான். 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான காலத்துக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்கு இது. இதை மட்டும் பார்ப்பவருக்கு, வேலை விஷயத்தில் ஆணும் பெண்ணும் சமமாகிவிட்டதாகத் தோன்றும். அதே அறிக்கையில் வேறொரு கணக்கும் இருக்கிறது. 100 ஆண்களை எடுத்துக்கொண்டால், சுமார் 79 பேர் வேலை செய்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். பெண்களில் அப்படி இருப்பவர்கள் 42 பேர்தான். இரண்டு கணக்கும் சரியானவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

யார் வேலையற்றவர்?

வேலை இல்லாத எல்லோரையும் அரசு வேலையற்றவர் என்று எண்ணுவதில்லை. கையில் வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கிறார் என்றால்தான் அந்தப் பெயர். கல்லூரியில் படிப்பவர், ஓய்வுபெற்றவர், சமையலும் பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்புமாக நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே உழைப்பவர் ஆகியோர் இந்தக் கணக்கில் வருவதில்லை.

வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. மக்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்பது பங்கேற்பு விகிதம். அந்தப் படையில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கவில்லை என்பது வேலையின்மை விகிதம்.

ஓர் ஊரில் 100 பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். 39 பேர் வேலை செய்கிறார்கள், ஒருவர் தேடுகிறார், மற்ற 60 பேர் தேடவே இல்லை. அங்கே வேலையின்மை 2.5 விழுக்காடு. பக்கத்து ஊரின் 100 பெண்களில் 45 பேர் வேலை செய்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள். அங்கே வேலையின்மை 10 விழுக்காடு. அதிகப் பெண்கள் சம்பாதிப்பது இரண்டாவது ஊரில்தான். ஆனாலும் செய்தியில் கெட்ட பெயர் அந்த ஊருக்குத்தான் வரும்.

ஆறு ஆண்டுகளில் என்ன மாறியது?

இந்த எண்களைத் தரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017இல் தொடங்கியது. முதல் ஆண்டான 2017-18இல் நாட்டின் வேலையின்மை 6 விழுக்காடு. 2023-24இல் அது 3.2 ஆகக் குறைந்தது. ஆண்களின் பங்கேற்பு இந்தக் காலத்தில் 75.8இலிருந்து 78.8க்கு மட்டுமே நகர்ந்தது. பெண்களின் பங்கேற்போ 23.3இலிருந்து 41.7க்கு ஏறியது. கிராமப்புறப் பெண்களிடம் இந்த ஏற்றம் இன்னும் பெரிது: 24.6இலிருந்து 47.6.

மகிழத்தக்க எண்கள்தான். ஆனால் இந்தப் பெண்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் பிரிவில் வருபவர்கள் 2017-18இல் 51.9 விழுக்காடு, 2023-24இல் 67.4 விழுக்காடு. மாதச் சம்பள வேலையில் இருப்பவர்களின் பங்கு 21இலிருந்து சுமார் 16க்கு இறங்கிவிட்டது. சுயதொழில் என்றதும் கடை முதலாளியோ தையலகம் நடத்துபவரோ நினைவுக்கு வரலாம். குடும்ப நிலத்திலும் குடும்பக் கடையிலும் கூலியின்றி உழைப்பவர்களும் இதே பிரிவில்தான் வருகிறார்கள். வேலை செய்யும் பெண்களில் மூவரில் ஒருவருக்கும் மேல் அப்படிப்பட்டவர். காலையில் மாட்டைக் கறந்து, பகலில் களை எடுத்து, மாலையில் கடையில் உட்காரும் ஒருவர் கணக்கின்படி வேலையில் இருக்கிறார். அவர் கைக்குத் தனியாக ஒரு ரூபாயும் வருவதில்லை.

பெண்களின் பங்கேற்பு ஏன் இவ்வளவு ஏறியது என்பதில் பொருளியலாளர்களிடையே விவாதம் நடக்கிறது. கொரோனா காலத்தில் குடும்ப வருமானம் சரிந்ததால் பெண்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள் என்பது ஒரு தரப்பு. முன்பு விட்டுப்போன பெண்களின் உழைப்பு இப்போது சரியாகப் பதிவாகிறது என்பது இன்னொரு தரப்பு. சமையல் எரிவாயுவும் குழாய்த் தண்ணீரும் வீட்டுக்கு வந்ததால் நேரம் மிச்சமானது என்பது மூன்றாவது தரப்பு.

மாநிலங்களை ஒப்பிடும்போது

2023-24இல் கேரளத்தின் வேலையின்மை 7.2 விழுக்காடு, ஆண்களிடம் 4.4, பெண்களிடம் 11.6. 15 முதல் 29 வயதுக்குட்பட்ட கேரளப் பெண்களில் இது 47 விழுக்காட்டைத் தொடுகிறது. அதே ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் ஆண், பெண் இருவரையும் சேர்த்தே வேலையின்மை சுமார் 1 விழுக்காடுதான். அப்படியானால் வேலை தேடி மலையாளிகள் போபாலுக்கு ரயில் ஏற வேண்டாமா?

யாரும் ஏறுவதில்லை. வேலையில்லாமல் காத்திருக்கவும் வசதி வேண்டும். கேரளத்துப் பெண் பட்டம் பெற்றிருக்கிறார். தேர்வு எழுதி, படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பல குடும்பங்களைத் தாங்குகிறது. ஏழை மாநிலத்தில் அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும். கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். ஆகவே அங்கே வேலையின்மை குறைவாகத் தெரிகிறது. கேரளத்தின் எண் உண்மையான துயரத்தைச் சொல்கிறது, அதில் ஐயமில்லை. படித்த பெண்ணுக்குத் தகுந்த வேலை இல்லை என்ற துயரம் அது. மத்தியப் பிரதேசத்தின் எண்ணுக்குப் பின்னாலும் துயரம் இருக்கிறது. அது குறைந்த கூலி என்ற வடிவில் இருப்பதால் இந்தக் கணக்கில் பதிவாவதில்லை.

கிராமமும் நகரமும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. 2023-24இல் கிராமப்புறப் பெண்களின் வேலையின்மை 2.1 விழுக்காடு, ஆண்களுடையது 2.7. நகரத்தில் நிலைமை தலைகீழ்: ஆண்கள் 4.4, பெண்கள் 7.1. கிராமத்தில் வயல் வாசலிலேயே இருக்கிறது. நகரத்தில் வேலை என்றால் பேருந்துப் பயணமும் குறித்த நேரமும் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். அதனால்தான் நகரப் பெண்களின் பங்கேற்பு அந்த ஆண்டிலும் 28 விழுக்காட்டிலேயே நின்றது.

தமிழ்நாடு காட்டும் வழி

2023-24இல் தமிழ்நாட்டின் வேலையின்மை 3.5 விழுக்காடு, தேசிய சராசரியைவிடச் சற்று அதிகம். ஆனால் இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்த ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். திருப்பூரின் பின்னலாடை, ஆம்பூரின் காலணி, ஓசூர் மற்றும் ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகள் ஆகியவற்றில் பெண்களுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு ‘தோழி’ விடுதிகளையும் நடத்துகிறது. பயணமும் தங்குமிடமும் பாதுகாப்பும் அமைந்தால் பெண்கள் வேலைக்கு வரத் தயாராகவே இருக்கிறார்கள்.

அளவுகோலையும் கவனியுங்கள்

2025 ஏப்ரலில் வேலையின்மை 5.1 விழுக்காடு என்ற செய்தி வந்தது. ஓராண்டுக்குள் 3.2இலிருந்து 5.1க்குத் தாவிவிட்டதாக அதைக் கொள்ளக் கூடாது. ஆண்டு அறிக்கையின் முதன்மைக் கணக்கு ஒருவரின் ஓராண்டு நிலையைப் பார்க்கிறது. மாத அறிக்கை கடந்த 7 நாட்களை மட்டும் பார்க்கிறது. அந்த 7 நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு.

ஆகவே அடுத்த முறை வேலையின்மை குறைந்தது என்றோ கூடியது என்றோ படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பெண்கள் தொழிலாளர் படைக்குள் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் கையில் கூலி வாங்குகிறார்கள்? எந்த அளவுகோலால் எண்ணினார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் தரப்படும் ஒற்றை எண்ணைச் சாதனை என்றோ வீழ்ச்சி என்றோ கொண்டாடவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறினால் மட்டும் போதாது; அதற்குரிய கூலி அவர்கள் பெயரில், அவர்கள் கையில் வந்து சேர வேண்டும். அரசுகளை மதிப்பிட வேண்டியதும் இந்த அளவுகோலால்தான்.