பாட்டனார் ராஜாஜி

தேசத்தொண்டர் ஒருவருடைய பெருமையை மேடைகளிலும் சட்டசபைகளிலும் சிறைக்கூடங்களிலும் தேடுவது நம்மவர் வழக்கம். அவருடைய இல்லத்தில் அப்பெருமை எவ்வாறு விளங்கிற்று என்று நாம் விசாரிப்பதில்லை. வீட்டை மறந்தவனே நாட்டுக்கு உழைக்க வல்லவன் என்னும் எண்ணம் நமது வாலிபர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் சரியானதுதானா? 1972-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி தமது 94-வது வயதில் மறைந்த ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரின் வாழ்க்கை இக்கேள்விக்குத் தக்க விடை அளிக்கிறது. தேசத்துக்கு அவர் ராஜதந்திரி. ஐந்து குழந்தைகளுக்கோ தாயுமான தந்தை. பேரக் குழந்தைகளுக்குப் பாட்டனார்.

ஹோசூரை அடுத்த தொரப்பள்ளிக் கிராமத்து முன்சீபின் மகனாக 1878-ல் பிறந்த ஆச்சாரியார், சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர். நாற்பது வயது நிறையுமுன்பே மனைவியை இழந்தார். மூன்று புதல்வர்களையும் இரண்டு புதல்விகளையும் வளர்க்கும் பொறுப்பு அவர் ஒருவர் தலையிலேயே விழுந்தது. மறுமணம் செய்துகொள்வது அக்காலத்தில் யாரும் குறை கூறாத காரியம். அவர் அதை நாடவில்லை. ஆனால், அதே காலத்தில்தான் தேசம் அவரை அழைத்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைமை; பின்னர் ஒத்துழையாமை; வக்கீல் தொழிலைத் துறந்தமை; 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை. தாயற்ற குழந்தைகளை விட்டுச் சிறைபுகுவது எத்தகைய வேதனை என்பதை நம் வாசகர்களில் சிறைசென்றோர் நன்கு அறிவர்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்வராஜ்யத்தின் விலையைத் தலைவர்கள் மட்டும் செலுத்தவில்லை. அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் செலுத்தினார்கள். வக்கீல் வீட்டு வசதிகளில் பிறந்த பிள்ளைகள், 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தந்தையார் காந்தி ஆசிரமம் அமைத்தபோது, கூரைவீட்டு வாழ்வைப் பழகிக்கொண்டார்கள். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை. மீண்டும் 1932-லும் 1940-லும் சிறைவாசம். தந்தையார் இல்லாத நாட்களைக் கணக்கிட்டால் அவர்களுடைய தியாகம் சிறிதன்று.

எனினும், ஆச்சாரியார் குடும்பத்தைத் துறந்தவர் அல்லர். தமது கொள்கையைக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டு சென்றவர். இதற்குச் சான்று அவருடைய இளைய புதல்வி லக்ஷ்மியின் விவாகம். மகாத்மாவின் கடைசிப் புதல்வர் தேவதாஸ், 1918-ல் ஹிந்திப் பிரசாரத்துக்காகச் சென்னைக்கு வந்தவர். பின்னாளில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். பெண் ஐயங்கார் குலம். பிள்ளை குஜராத்தி பனியா குலம். சாஸ்திரிகள் பிரதிலோமம் என்று கண்டிக்கும் சம்பந்தம் இது. இரு தந்தையரும் இதை மறுக்கவில்லை, உடனே இசையவுமில்லை. ஐந்து வருஷம் ஒருவரையொருவர் பாராமலும் கடிதம் எழுதாமலும் பிரிந்திருங்கள். அதன் பின்னரும் மனம் மாறாதிருந்தால் ஆசி கூறுவோம் என்றார்கள்.

இது கொடுமை என்பார் உளர். நிபந்தனை கடுமையானதே என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆனால், அந்தத் தந்தையர் ஜாதியைக் காட்டித் தடுக்கவில்லை. அன்பின் உறுதியையே சோதித்தார்கள். காலம் நிறைந்ததும் வாக்குத் தவறவுமில்லை. 1933 மே மாதத்தில் 21 நாள் உபவாசத்தை முடித்து மகாத்மா மெலிந்திருந்த வேளையில், ஜூன் 16-ந் தேதி புனாவில் விவாகம் நடந்தேறியது. மேடையில் ஜாதி ஒழிப்பைப் பேசிவிட்டு, வீட்டில் ஜாதகத்தையும் கோத்திரத்தையும் பார்த்துப் பெண் கொடுக்கும் தலைவர்கள் எத்தனை பேர்! ஆச்சாரியார் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

இந்தத் தம்பதிகளுக்கு நான்கு குழந்தைகள்: தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரா, கோபாலகிருஷ்ணா. தந்தைவழிப் பாட்டனார் மகாத்மா. தாய்வழிப் பாட்டனார் ராஜாஜி. 1942-ல் இவ்விரு சம்பந்திகளும் அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நின்றார்கள். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ஏற்காத ஆச்சாரியார் காங்கிரஸை விட்டு விலகினார். அவரைத் துரோகி என்றும் பலர் ஏசினர். ஆயினும், சம்பந்திகளின் அன்பு முறியவில்லை. அபிப்பிராய பேதம் வந்தவுடன் உறவையும் நட்பையும் முறித்துக்கொள்வதே வீரம் என்று கருதும் நமது அரசியல் தொண்டர்கள் இதைக் கவனிப்பார்களாக.

1957 ஆகஸ்டில் தேவதாஸ் காலமானார். அப்போது பாட்டனாருக்கு வயது 78. கடைசிப் பேரனுக்கோ வயது 12. மருமகனை இழந்த துயரத்தையும், கைம்பெண்ணாகிவிட்ட மகளின் நிலையையும் முதுமையிலே தாங்க வேண்டியதாயிற்று. மற்றொரு புதல்வி இளமையிலேயே கணவரை இழந்து, தந்தையின் இல்லத்தைப் பேணி வந்தவர். வெளியுலகம் கண்டது கூர்மதி படைத்த, தர்க்கத்தில் சளைக்காத ராஜாஜியை. வீட்டினுள் இருந்த துக்கத்தை அது கண்டதில்லை.

அவருடைய அரசியல் முடிவுகள் அனைத்தையும் நாம் ஒப்புக்கொண்டவர் அல்லர். ஆனால், கவர்னர் ஜெனரல் பதவியை வகித்த அந்தப் பெரியவர், ராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய நடையில் சொன்னதையே தமது தொண்டுகளில் சிறந்ததாகக் கருதினார் என்பது எவ்வளவு பொருள் பொதிந்த செய்தி! தேசத்துக் குழந்தைகள் அனைவருக்கும் பாட்டனாராக அமர்ந்து கதை சொன்னார். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ல் சாகித்ய அகாதெமிப் பரிசு பெற்றது. அவருடைய சரித்திரத்தை எழுதிய பேரன் ராஜ்மோகனுக்கு 2001-ல் அதே பரிசு கிடைத்தது. 1947-ல் மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராகப் பாட்டனார் வீற்றிருந்த கல்கத்தா மாளிகையில், 2004 முதல் 2009 வரை பேரன் கோபாலகிருஷ்ணா கவர்னராக இருந்தார். பதவி பிதுரார்ஜிதமாக வருவது பெருமையன்று. பாட்டனாரைப் பயபக்தியால் மட்டுமன்றி ஆராய்ச்சியாலும் அறிந்து, நாட்டுக்கு அறிமுகப்படுத்தும் பேரன் வாய்ப்பதே பெருமை.

தேசத்தொண்டில் ஈடுபட்ட வாலிபர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். வீடு தொண்டுக்கு இடையூறு அன்று; தொண்டின் முதற் பரீட்சை அங்கேதான் நடைபெறுகிறது. நாம் மேடையில் விதிக்கும் தர்மத்தை முதலில் நம் மக்கள் விஷயத்தில் நடத்திக் காட்டுவோமாக. நமக்காகக் காத்திருந்த குழந்தைகள் நாளை நம்மை எவ்வாறு நினைவுகூர்வார்கள் என்பதைக் கொண்டே நமது தேசபக்தியும் அளக்கப்படும்.