மணல் வளைவில் முன் சக்கரம் ஏன் கவுத்துவிடுது?

இந்த எபிசோடை ஒத்தைக் கையால எடிட் பண்ணினேன். வலது கை ஸ்லிங்ல தொங்குது, காலர் எலும்புல விரிசல். காரணம் ஒரு மணல் வளைவு. இன்னும் சரியா சொன்னா, அங்கே நான் த்ராட்டிலை மூடின அந்த ஒரு நொடி.

தார் ரோட்டுல டயர் தரையைப் பிடிச்சுக்கும். மணல் அப்படி இல்ல. சக்கரம் அழுத்தினா நகர்ந்துடும். முன் சக்கரம் திரும்பும்போது தனக்கு முன்னாடி மணலைக் குவிச்சுக்கிட்டே போகும், கலப்பை மாதிரி. அந்த நேரம் ஹேண்டில்பார் ஆடும். பயத்துல த்ராட்டிலை மூடுவோம். உடனே எடை முன்னாடி சாயும், சக்கரம் இன்னும் புதையும், வண்டி இன்னும் வேகம் குறையும், எடை இன்னும் முன்னாடி வரும். கோடு எழுதுறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்: நிறுத்த முடியாத லூப். நான் போதாக்குறைக்கு முன் பிரேக்கையும் தொட்டேன். வண்டி நின்னுச்சு, நான் நிக்கல.

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வர்ற பிரச்சினை இல்ல. பெல்ஜியத்துல லொம்மெல்னு ஒரு ட்ராக், ஆழமான மணலுக்குப் பேர் போனது. 2012ல மோட்டோகிராஸ் ஆஃப் நேஷன்ஸ் அங்கேதான் நடந்தது. 2005ல இருந்து 2011 வரை தொடர்ந்து ஏழு வருஷம் ஜெயிச்ச அமெரிக்க அணிக்கு அங்கே மூணாவது இடம்தான். ஜெர்மனி ஜெயிச்சது, பெல்ஜியம் ரெண்டாவது. மணலைத் தனியா கத்துக்கணும்னு இதுலயே புரியும்.

சரி, என்ன பண்ணணும்?

முதல்ல, வேகத்தை வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே குறைச்சிடுங்க. மணலே பாதி பிரேக் போட்டுடும். அதனால முன் பிரேக்கை மென்மையா மட்டும். கியரையும் அப்பவே மாத்திடுங்க, என்ஜின் திணறாத கியர் வேணும்.

ரெண்டாவது, வளைவு வரைக்கும் நின்னுக்கிட்டே, இடுப்பைக் கொஞ்சம் பின்னாடி வச்சு ஓட்டுங்க. திரும்பும்போது மட்டும் உட்காருங்க. உள்பக்கக் காலை முன்னாடி நீட்டுங்க, வெளிப்பக்க ஃபுட்பெக்கை அழுத்துங்க, முழங்கைகளைத் தூக்கி வைங்க.

மூணாவது, த்ராட்டிலைச் சீரா திறந்தே வைங்க. பின் சக்கரம் தள்ளினாத்தான் முன் சக்கரம் லேசாகி மணல் மேல மிதக்கும். ஹேண்டிலை முறுக்கித் திருப்பாதீங்க. வண்டியைச் சாய்ச்சுத் திருப்புங்க.

நாலாவது, அகலமா போங்க. வெளி ஓரத்துல குவிஞ்சிருக்கிற மணல் மேடு, அதாவது பெர்ம், டயருக்குச் சுவர் மாதிரி தாங்கும். கண்ணு முன் சக்கரத்துல இல்ல, வளைவு முடியுற இடத்துல இருக்கணும்.

இதெல்லாம் விழுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மூளைக்குத்தான் தெரியும், மணிக்கட்டுக்குத் தெரியல. பயம் வந்தா கை தானா மூடிடுது. அதை மாத்த ஒரே வழி, மெதுவான வேகத்துல, முழு பாதுகாப்பு கியரோட, மணல்ல எட்டு வடிவம் போட்டுப் போட்டுப் பழகுறது. நான் அந்தப் படியைத் தாண்டிக் குதிச்சேன்.

"இனிமேலாவது விட்டுடுவியாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. பதில் சொல்லல. எலும்பு கூடினதும் திரும்பப் போவேன். ஆனா முதல் நாள் எட்டு மட்டும்தான். நீங்களும் அங்கேயிருந்தே ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!